சிறியவர்களுக்கு விலக்கு: ‘விளையாட்டு நிருபர் தேவை’ விளம்பரங்களின் வரலாறு பற்றி

அமெரிக்கச் சிறுநகரப் பத்திரிகைகள் விளையாட்டு நிருபர்களைத் தேடி வெளியிடும் விளம்பரங்களுக்கென ஒரு சொல்வழக்கு உண்டு. பல பத்தாண்டுகளாக அது பெரிதும் மாறாமல் இருந்து வந்திருக்கிறது. ‘சம்பளம் அனுபவத்தைப் பொறுத்தது’, ‘இரவிலும் வார இறுதியிலும் வேலை செய்யத் தயாராயிருக்க வேண்டும்’, ‘நம்பகமான சொந்த வாகனம் அவசியம்’, ‘புகைப்படம் எடுக்கவும் பக்கம் வடிவமைக்கவும் தெரிந்திருப்பது விரும்பத்தக்கது’, ‘புதிதாகப் பட்டம் பெற்றோரும் விண்ணப்பிக்கலாம்’ என்பன போன்ற வாசகங்களே அவற்றில் திரும்பத் திரும்ப வருவன.

இவ்வாசகங்களை ஒன்றாக வைத்துப் பார்ப்பவருக்கு ஒரு விடயம் தெளிவாகும். தொழிலாளியிடம் எதிர்பார்க்கப்படுபவை தெளிவாகவே சொல்லப்படுகின்றன: இரவு, வார இறுதி, வாகனம், கமெரா. தொழிலாளிக்குக் கிடைக்கப் போவதுதான் மூடுமந்திரமாக இருக்கிறது. சம்பளம் எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு என்ன கொடுப்பனவு, எரிபொருட் செலவு யாருடையது என்பன பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இதனை ஆசிரியபீடங்களின் கவனக்குறைவு என்றோ சிறு பத்திரிகைகளின் ஏழ்மை என்றோ சொல்லிவிட்டு நகர்ந்து விடலாம். அவ்வளவு எளிதானதல்ல என்பதே எமது வாதம். இத்தெளிவின்மைக்குப் பின்னால் ஒரு சட்ட வரலாறு இருக்கிறது. சிறியதாக இருப்பது ஒன்றே ஒரு நிறுவனத்தைத் தொழிற் சட்டத்தின் வரம்புக்கு வெளியே நிறுத்தப் போதுமானது என்ற கருத்தின் வரலாறு அது. சிறு பத்திரிகைகளை நடத்துவோரும் அவற்றில் எழுதுவோருமாகிய நாம் அதனைத் தூரத்துச் செய்தியாகப் பார்க்க முடியாது.

பெயரில்லாத பத்திரிகை

1901இல் தொடங்கப்பட்ட ‘எடிற்றர் அன்ட் பப்ளிஷர்’ என்ற சஞ்சிகை, அமெரிக்கப் பத்திரிகைத் தொழிலின் ஏடாக நெடுங்காலம் விளங்கியது. வேலை தேடும் நிருபர் முதலில் புரட்டியது அதன் பின்பக்கங்களிலிருந்த சிறு விளம்பரங்களைத்தான். அங்கே பெரும்பாலும் இரண்டு மூன்று வரிகளே இருக்கும். பல விளம்பரங்களில் பத்திரிகையின் பெயரே இராது. ஒரு பெட்டி இலக்கம் மட்டும் தரப்பட்டிருக்கும். விண்ணப்பதாரி தன் பெயர், விலாசம், அனுபவம், எழுதிய கட்டுரைகளின் நறுக்குகள் அனைத்தையும், பெரும்பாலும் தான் எதிர்பார்க்கும் சம்பளத்தையும் சேர்த்து அந்தப் பெட்டி இலக்கத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். தான் யாருக்கு எழுதுகிறார் என்பது அவருக்குத் தெரியாது.

இந்த ஏற்பாட்டின் காரணங்களை ஊகிப்பது கடினமல்ல. தற்போது அவ்வேலையில் இருப்பவருக்குத் தாம் நீக்கப்படப் போவது தெரியக்கூடாது. பக்கத்து நகரத்துப் போட்டிப் பத்திரிகைக்கு ஆள் குறைந்திருப்பது தெரியக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏற்கெனவே வேலை செய்வோருக்குப் புதியவரின் சம்பளம் தெரியக்கூடாது. சம்பளப் பேரத்தில் ஒருவர் தன் கையில் உள்ளதை எல்லாம் மேசையில் வைத்துவிட, மற்றவர் பெயரைக்கூடச் சொல்லாதிருந்தார். தெளிவின்மை என்பது இங்கே ஒரு பேரம் பேசும் முறை. பெட்டி இலக்கங்கள் பிற்காலத்தில் வழக்கொழிந்தன. சம்பளத்தை மறைக்கும் வழக்கம் மட்டும் நிலைத்தது.

வெள்ளிக்கிழமை இரவு

விளையாட்டுக்கெனத் தனிப் பிரிவை முதலில் அமைத்தது 1883இல் ஜோசப் புலிற்சர் வாங்கிய நியூயோர்க் ‘வேர்ல்ட்’ பத்திரிகை என்று கூறுவர். பெருநகரப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்கள் தொழில்முறை அணிகளையும் குத்துச்சண்டையையும் நம்பி வளர்ந்தன. சிறுநகரப் பத்திரிகையின் நிலை வேறு. அதன் விளையாட்டுப் பக்கம் உள்ளூர் உயர்தரப் பாடசாலையை நம்பியிருக்கிறது. இலையுதிர் காலத்தில் அமெரிக்க உதைபந்தாட்டம் (கையால் பந்தை ஏந்தி ஓடுவது, நாம் அறிந்த உதைபந்தாட்டமல்ல), குளிர்காலத்தில் கூடைப்பந்தாட்டம், வசந்தத்தில் பேஸ்போலும் ஓட்டப் போட்டிகளும் என அதன் ஆண்டு சுழல்கிறது.

வெள்ளிக்கிழமை இரவு உதைபந்தாட்டப் போட்டிக்குச் செல்லும் சிறுநகர நிருபர் மைதானத்தின் ஓரமாக நடந்துகொண்டே ஒவ்வொரு ஆட்டத்தின் தூரத்தையும் தானே குறித்துக்கொள்கிறார். இடையில் புகைப்படமும் எடுக்கிறார். போட்டி முடிந்ததும் பயிற்சியாளரிடம் இரண்டு கேள்விகள் கேட்டுவிட்டுத் தன் காரில் அலுவலகம் திரும்பி, புள்ளிவிபரங்களைக் கூட்டிச் சரிபார்த்து, பக்கம் அச்சுக்குப் போகும் நேரத்துக்கு முன் செய்தியை எழுதுகிறார். எழுதும்போதே தொலைபேசி மணி அடிக்கிறது. அவர் போகாத ஏனைய பாடசாலைகளின் பயிற்சியாளர்கள் தங்கள் போட்டிகளின் முடிவுகளைச் சொல்கிறார்கள். பெயர்களின் எழுத்துக்கள் பிழைக்கக் கூடாது. பிழைத்தால் மறுநாள் காலை பெற்றோரின் அழைப்பு வரும். ஏனெனில் அச்செய்தி வெட்டியெடுக்கப்பட்டு ஒரு குடும்பத்தின் தொகுப்பேட்டில் ஒட்டப்படப் போகிறது. அந்நகரத்தார் வேறெந்தப் பத்திரிகையிலும் பெற முடியாத செய்தி இது. பத்திரிகையை விற்பதும் பெரும்பாலும் இதுதான்.

இவ்வேலையின் அளவு ஒரு கட்டத்தில் ஏறத்தாழ இரட்டித்தது. 1972 ஜூனில் கையெழுத்திடப்பட்ட ‘ரைற்றில் 9’ எனப்படும் சட்டப் பிரிவு, அரச நிதி பெறும் கல்வி நிலையங்களில் பால்வேறுபாடு காட்டுவதைத் தடைசெய்தது. 1971-72இல் உயர்தரப் பாடசாலை விளையாட்டில் பங்குபற்றிய பெண் பிள்ளைகள் சுமார் 2,94,000 பேர். எழுபதுகளின் முடிவுக்குள் இத்தொகை 20 இலட்சத்தை எட்டியது. 2018-19இல் அது 34 இலட்சம். இது கொண்டாடப்பட வேண்டிய மாற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும் ஒவ்வொரு நகரத்திலும் பெண்கள் அணிகளின் போட்டிகளும் அட்டவணைகளும் சேர்ந்துகொண்டபோது, ஒருவர் அல்லது இருவர் மட்டுமே இருந்த சிறுநகர விளையாட்டுப் பிரிவுகள் அதற்கேற்ப வளரவில்லை. விளம்பரத்தில் மணித்தியாலம் குறிப்பிடப்படாதிருந்ததன் பயன் இங்கேதான் தெரிகிறது. வேலை வளர்ந்தபோது ஒப்பந்தத்தில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ‘பாடசாலை விளையாட்டுச் செய்திகளைச் சேகரித்தல்’ என்ற அதே வரி போதுமாயிருந்தது.

1938: சிறியவர்களுக்கு விலக்கு

ரூஸ்வெல்ற்றின் ஆட்சிக் காலத்தில் 1938இல் நிறைவேறிய நியாயமான தொழில் தராதரச் சட்டம் அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றில் ஒரு திருப்பம். மணிக்கு 25 சதம் என்ற அடிப்படைக் கூலியை அது நிர்ணயித்தது. வாரத்துக்கு 44 மணித்தியாலத்தில் தொடங்கி 1940இல் 40 ஆகக் குறைந்த வேலை நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி வழங்க வேண்டும் என விதித்தது.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு சிறு பிரிவு இருந்தது. வாரமொரு முறையோ இரு முறையோ வெளிவருவதும், 3,000 பிரதிகளுக்குக் குறைவாக விற்பதும், அவ்விற்பனையின் பெரும்பகுதி அச்சிடப்படும் மாவட்டத்துக்குள்ளேயே நடைபெறுவதுமான பத்திரிகையில் வேலை செய்வோருக்கு இப்பாதுகாப்புக்கள் பொருந்தா என்பதே அது. ஏனைய சிறுநகரத் தொழில்களோடு இப்பத்திரிகைகளைச் சமநிலையில் வைப்பதே நோக்கம் என்று விளக்கம் தரப்பட்டது.

இவ்விலக்கு எங்கே முடிகிறது என்ற கேள்வி விரைவிலேயே நீதிமன்றத்துக்குச் சென்றது. நியூயோர்க் மாநிலத்தின் வைட் பிளெயின்ஸ் நகரத் தினசரி ஒன்றின் ஊழியர்கள் மேலதிக நேரக் கூலி கோரி வழக்குத் தொடர்ந்தனர். அப்பத்திரிகை 9,000 முதல் 11,000 பிரதிகள் வரை விற்றது. அவற்றில் சுமார் 45 பிரதிகள் மட்டுமே மாநிலத்துக்கு வெளியே சென்றன. நாங்கள் உள்ளூர்ப் பத்திரிகை, மாநிலங்களுக்கிடையிலான வணிகம் பற்றிய மத்திய சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்றது நிர்வாகம். சிறிய வாரப் பத்திரிகைகளுக்கு விலக்களித்து விட்டுத் தினசரிகளை மட்டும் பிடிப்பது பாரபட்சம் என்றும் வாதிட்டது. 1946இல் உச்ச நீதிமன்றம் இரு வாதங்களையும் ஏற்கவில்லை. ஒழுங்காக வெளியே செல்வது 45 பிரதிகளேயானாலும் சட்டம் பொருந்தும் எனத் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பின் பின் நடந்ததே எமது கவனத்துக்குரியது. 1949இல் சட்டம் திருத்தப்பட்டபோது விலக்கு சுருங்கவில்லை, விரிந்தது. எல்லை 3,000இலிருந்து 4,000 பிரதிகளுக்கு உயர்த்தப்பட்டது. அயல் மாவட்டங்களும் சேர்க்கப்பட்டன. சிறிய தினசரிகளும் உள்ளே வந்தன. அவ்விலக்கு இன்றும் அச்சட்டத்தில் இருக்கிறது. அதாவது, மிகச் சிறிய ஒரு தினசரியின் விளையாட்டு நிருபருக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு கோரும் உரிமையை மத்திய சட்டம் வழங்கவில்லை. உரிமையே இல்லாத இடத்தில் விளம்பரம் மணித்தியாலத்தைக் குறிப்பிடாததில் வியப்பில்லை.

சட்டம் அளவுகோலாக வைத்தது பத்திரிகையின் பிரதிகளையே, உரிமையாளரின் செல்வத்தை அல்ல என்பதும் நோக்கத்தக்கது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிறுநகரத் தினசரிகள் பெரும்பாலும் சங்கிலி நிறுவனங்களின் கைக்கு மாறின. 1934இல் வட ஒன்ராறியோவின் ரிம்மின்ஸ் நகரப் பத்திரிகையை வாங்கித் தொடங்கிய ரோய் தொம்சனின் நிறுவனம், பிற்காலத்தில் அமெரிக்காவில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட தினசரிகளை வைத்திருந்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை சிறுநகரங்களுடையவை. பத்திரிகை சிறியது, முதலாளி சிறியவரல்ல என்ற நிலை தோன்றிய பின்னரும், ‘நாங்கள் ஒரு சிறு பத்திரிகை’ என்ற பேச்சு நேர்முகப் பரீட்சைகளில் தொடர்ந்தது.

கலைஞரா, கற்றுக்குட்டியா?

4,000 பிரதிகளுக்கு மேல் விற்ற பத்திரிகைகளுக்கு இவ்விலக்கு உதவாது. அவை வேறொரு வாசலைத் தேடின. நிருபர்கள் ‘உயர்தொழில் வல்லுநர்கள்’, ஆகவே வைத்தியர், வழக்கறிஞர் போல மணித்தியாலக் கணக்குக்கு அப்பாற்பட்டவர்கள் என்ற வாதமே அது. இது பழைய வாதம். 1933இல் ரூஸ்வெல்ற் அரசு தொழில்வாரியாக நடைமுறை விதிகளை உருவாக்க முயன்றபோதே பத்திரிகை உரிமையாளர்கள் இதை முன்வைத்தனர். அவ்வாண்டு ஓகஸ்ட்டில் பத்தி எழுத்தாளர் ஹேவுட் புரூன் நிருபர்களுக்குத் தொழிற்சங்கம் வேண்டும் என எழுதினார். டிசம்பரில் அமெரிக்கப் பத்திரிகையாளர் சங்கம் உருவாயிற்று. அச்சங்கத்தின் பலம் பெருநகரங்களிலேயே இருந்தது. இருவர் மூவர் வேலை செய்யும் சிறுநகர ஆசிரியபீடங்களை அது எட்டுவது அரிதாகவே இருந்தது.

‘வல்லுநர்’ வாதம் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர்தான் மேல் நீதிமன்றங்களில் சோதிக்கப்பட்டது. 1994இல் பிற்ஸ்பேர்க் புறநகர் வாரப் பத்திரிகைகளின் நிருபர்கள் தொடர்பான வழக்கிலும், 1995இல் நியூ ஹம்ப்ஷயர் மாநிலத்தின் ‘கொன்கோர்ட் மொனிற்றர்’ என்ற தினசரி தொடர்பான வழக்கிலும் தொழில் திணைக்களமே வழக்காடியது. இந்நிருபர்களின் அன்றாட வேலை, சட்டம் கருதும் கற்பனையும் புத்தாக்கமும் முதன்மையான கலைஞர் வேலையல்ல, ஆகவே மேலதிக நேரக் கூலிக்கு அவர்கள் உரித்துடையவர்கள் என இரு நீதிமன்றங்களும் கூறின.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. விளம்பரத்தில் அதே நிருபர் ‘புதிதாகப் பட்டம் பெற்றவர்’, பழகுநர், அனுபவத்துக்காக வருபவர். நீதிமன்றத்திலோ அவர் கற்பனை வளமிக்க கலைஞர். சம்பளம் பேசும்போது கற்றுக்குட்டி, மணித்தியாலம் பேசும்போது கலைஞர். வென்றவர்கள் நிருபர்களே என்றாலும், அந்த வெற்றி தம்மைக் கலைஞர்கள் அல்ல என ஒப்புக்கொள்வதன் மூலம் கிடைத்தது. எழுதுபவனுக்கு இது சற்றுக் கசப்பான வெற்றிதான்.

துல்லியமாக இருந்த ஒரு விளம்பரம்

வேலை விளம்பரங்கள் எப்போதும் தெளிவற்றிருந்தன என்றும் சொல்ல முடியாது. ஒரு விடயத்தில் அவை மிகத் துல்லியமாக இருந்தன. அறுபதுகளின் பிற்பகுதி வரை அமெரிக்கப் பத்திரிகைகளின் வேலைப் பக்கங்கள் ‘ஆண்கள் தேவை’, ‘பெண்கள் தேவை’ என இரு பிரிவுகளாக அச்சிடப்பட்டன. 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வேலையில் பால்வேறுபாட்டைத் தடைசெய்த பின்னரும் இது உடனே மறையவில்லை. பிற்ஸ்பேர்க் நகரப் பத்திரிகையொன்று, இப்பிரிவு எமது பத்திரிகைச் சுதந்திரம் என உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1973 ஜூனில் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் அதை நிராகரித்தது.

இதிலிருந்து பெறப்படுவது எளிமையானது. யார் வரக்கூடாது என்பதைச் சொல்ல வேண்டியிருந்தபோது பத்திரிகைகளுக்கு இடம் போதாமலோ மொழி போதாமலோ இருக்கவில்லை. விளம்பரத்தின் மொழி தானாகத் திருந்தவும் இல்லை, சட்டம் திருத்தியது.

இயந்திரமும் புதிய சட்டங்களும்

2008இல் அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியபீடங்களில் சுமார் 71,000 பேர் வேலை செய்தனர். 2020இல் எஞ்சியோர் சுமார் 31,000 பேர். 2023 ஓகஸ்ட்டில், நாட்டின் மிகப் பெரிய பத்திரிகைச் சங்கிலியான கன்னற் நிறுவனம், பாடசாலை விளையாட்டுச் செய்திகளை எழுதச் செயற்கை நுண்ணறிவுக் கருவியொன்றைப் பயன்படுத்தியது. ‘கொலம்பஸ் டிஸ்பாச்’ பத்திரிகையில் வந்த அச்செய்திகளில் விளையாடியவர்களின் பெயர்கள் இருக்கவில்லை. ஒரு செய்தியில் வென்ற அணியின் சின்னப்பெயர் வர வேண்டிய இடத்தில் நிரப்பப்படாத வார்ப்புருக் குறியே அச்சாயிற்று. ஏளனம் கிளம்ப, முயற்சி நிறுத்தி வைக்கப்பட்டது. எந்த விளம்பரமும் சொல்லாத தகைமை ஒன்று இதனால் வெளிப்பட்டது: மைதானத்தில் நின்று பிள்ளைகளின் பெயரை அறிந்திருப்பது.

அடுத்த மாதமே அந்நிறுவனம் பாடகி ரெய்லர் சுவிப்ற் பற்றி மட்டும் எழுத ஒரு நிருபரைத் தேடி விளம்பரம் செய்தது. அதில் சம்பளம் இருந்தது: மணிக்கு 21.63 டொலரிலிருந்து 50.87 டொலர் வரை. மேலெல்லை கீழெல்லையின் இரு மடங்குக்கும் அதிகம். தெளிவின்மை எண்களிலும் இயலும் என்பதற்கு இது உதாரணம்.

விளம்பரங்களில் சம்பளத்தைச் சொல்ல வேண்டும் என்ற சட்டங்கள் அண்மையில்தான் வந்தன. கொலராடோ 2021 ஜனவரியிலும், கலிபோர்னியாவும் வோஷிங்டன் மாநிலமும் 2023 ஜனவரியிலும், நியூயோர்க் மாநிலம் 2023 செப்ரெம்பரிலும் இதைக் கட்டாயமாக்கின. கொலராடோவின் சட்டம் ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் பொருந்தும். நியூயோர்க்கில் எல்லை நான்கு ஊழியர். கலிபோர்னியாவிலும் வோஷிங்டனிலும் பதினைந்து. 1938இன் அதே சிந்தனை இங்கும் வந்து நிற்கிறது. பத்துப் பேர் வேலை செய்யும் கலிபோர்னியச் சிறுநகரப் பத்திரிகை இன்னமும் ‘அனுபவத்தைப் பொறுத்தது’ என்று எழுதலாம்.

எம்மவர் பெருந்தொகையாக வாழும் ஒன்ராறியோவிலும் 2024இல் இவ்வகைச் சட்டம் நிறைவேறியது. விளம்பரங்களில் சம்பள வீச்சைக் குறிப்பிட வேண்டும், ‘கனடிய அனுபவம்’ கேட்கக் கூடாது என்பன 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரும்படி விதிக்கப்பட்டன. கனடிய அனுபவம் என்ற இரு சொற்கள் எத்தனை ஆசிரியர்களையும் பொறியியலாளர்களையும் தொழிற்சாலை இரவு வேலைக்கு அனுப்பின என்பதை இவ்வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் இச்சட்டமும் 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கு மட்டுமே.

எமது பத்திரிகைகள்

புலம்பெயர் தமிழ்ப் பத்திரிகைகளில் 25 ஊழியர்களைக் கொண்டவை எத்தனை? ஆகவே இவ்விடயத்தில் எம்மைச் சட்டம் கேட்கப் போவதில்லை. நாமே எம்மைக் கேட்டாக வேண்டும்.

கோடை வார இறுதிகளில் விளையாட்டுக் கழகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் நடத்தும் துடுப்பாட்ட, உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகளுக்குப் போய் முடிவுகளை எழுதி அனுப்பும் இளைஞரின் வேலைக்கும், மேலே சொன்ன சிறுநகர நிருபரின் வேலைக்கும் அதிக வேறுபாடில்லை. அவருக்கான எமது விளம்பரம் இன்னும் சுருக்கமானது: ‘ஆர்வமுள்ளோர் தொடர்பு கொள்ளவும்’. சம்பளம் என்ற சொல்லின் இடத்தில் எம்மிடம் ‘சமூகப் பணி’ என்ற சொல் இருக்கிறது. அது சிறிய சொல்லல்ல. பல ஏடுகள் அந்தச் சொல்லால்தான் உயிர்வாழ்ந்தன. இவ்வேடுகளை நடத்தியோர் தம் கைப்பணத்தை இழந்தார்களேயன்றிச் சம்பாதிக்கவில்லை என்பதும் உண்மை.

இங்கு எழக்கூடிய ஆட்சேபம் நியாயமானது. இல்லாத பணத்தை எப்படிக் கொடுப்பது? சட்டம் போட்டால் சிறு ஏடுகள் மூடப்படும், அவ்வளவுதான் மிஞ்சும் என்பர். 1938இல் அமெரிக்கச் சிறுநகர வார ஏடுகளுக்காகப் பேசியோரின் கவலையும் இதுவே. அதில் உண்மையும் இருந்தது. ஆனால் அந்த விலக்கு இரு வேறு விடயங்களை ஒன்றாகக் கட்டிவிட்டது. குறைவாகக் கொடுப்பது ஒன்று, எவ்வளவு என்று சொல்லாதிருப்பது மற்றொன்று. முன்னதற்கு ஏழ்மை காரணமாகலாம். பின்னதற்கு ஆகாது. ‘எம்மால் ஒரு கட்டுரைக்கு இருபது டொலரும் பிரயாணச் செலவும்தான் தர முடியும்’ என்றோ, ‘எதுவும் தர இயலாது, மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் மட்டும் தேவை’ என்றோ அச்சிட ஒரு வரி இடமே போதும்.

அவ்வரி இல்லாதபோது யார் எழுத வருகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பெற்றோரின் வீட்டில் இருக்கும் மாணவர் வரலாம், வேறு வருமானம் உள்ளவர் வரலாம். இரண்டு வேலை செய்பவரும் பிள்ளைகளைப் பராமரிக்கும் பெண்ணும், எவ்வளவு நேரம் போகும் என்று தெரியாத வேலைக்கு வரமாட்டார்கள். சொல்லப்படாத நிபந்தனை அவர்களை வாசலிலேயே நிறுத்தி விடுகிறது. பின்னர் எமது பக்கங்களில் ஏன் அவர்களின் குரல் இல்லை என்று நாமே கருத்தரங்கு வைக்கிறோம்.

தொழிலாளர் உரிமை பற்றி எழுதாத புலம்பெயர் சிறுசஞ்சிகை இல்லை. அடுத்த இதழில் ‘எழுத விரும்புவோருக்கு’ என்ற குறிப்பை அச்சிடும்போது எவ்வளவு, எத்தனை மணித்தியாலம், செலவு யாருடையது என்ற மூன்றுக்கும் பதில் எழுத நாம் தயாரா? தயாரில்லை என்போரின் காரணங்களையும் இப்பக்கங்களில் வாசிக்க விரும்புகிறோம்.